மூடக்கூடாத பக்கம்

என் அக்கா பல் கட்டுகிறவள். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், அதைப் பார்த்துப் பல் செட் செய்துகொடுக்கிற லேபில் வேலை. ஜன்னல் ஓரத்தில் அவள் மேஜை. மேஜை மேல் மெழுகு, சின்னக் கத்திகள், பிளாஸ்டர் தூள், யாருடையவோ தாடைகள். இந்த ஊரில் வயதானவர்கள் பாதிப்பேர் சிரிப்பது அவள் கைவேலை. அவள் சிரித்துப் பார்த்தவர்கள்தான் குறைவு.

அவளுக்குக் கவலைப்படவே பொழுது போதாது, சிரிக்க எங்கே நேரம்? வீட்டைப் பூட்டுவாள், பூட்டை இழுத்துப் பார்ப்பாள், தெருமுனை வரை போவாள், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள். அத்தான் பஸ் டிரைவர். அவர்தான் அவளுக்கு ‘செக்கிங்’ என்று பெயர் வைத்தார். வேலை முடிந்து வந்ததும், “செக்கிங் வந்தாச்சா, இன்னும் ரோட்லதானா?” என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவார். நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன், கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அக்காவோடு எங்கேயாவது கிளம்பினால் இன்னும் கொஞ்சம் அதிகமாக வரும். ஆனால் லேபில் அவளுடைய இந்தக் குணத்துக்குத்தான் மதிப்பு. அவள் பார்த்து அனுப்பிய செட் திரும்பி வந்ததே இல்லை என்று முதலாளி எல்லாரிடமும் சொல்வார்.

எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் பார்த்து முடிக்கிறவள் வாழ்க்கையில் ஒன்றை மட்டும் முடிக்காமல் விட்டிருந்தாள். அம்மா படுத்த படுக்கையானபோது கல்லூரியை நடுவில் விட்டவள் அவள்தான். பிறகு கல்யாணம், வேலை, மகள். மகள் படித்து வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகு, அக்கா தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தாள். பல்கலைக்கழகம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது, ஆனால் தபாலில் புத்தகம், வீட்டில் படிப்பு. ஒவ்வொரு தாளாகத் தேறிக்கொண்டே வந்தாள். புள்ளியியலில் மட்டும் மாட்டிக்கொண்டாள். முதல் தடவை போச்சு, இரண்டாவது தடவையும் போச்சு. மூன்றாவது தடவைக்கு வந்த கடிதத்தில் தெளிவாகப் போட்டுவிட்டார்கள்: இதுதான் கடைசி வாய்ப்பு, எழுதாவிட்டாலோ தேறாவிட்டாலோ பதிவு ரத்து. அதாவது இதுவரை தேறிய தாள்களும் அம்பேல்.

“கேட்டா, சேர்ந்து முடிக்காதவன்னு சொல்லுவாங்க. ரெண்டாவது தடவையும்” என்றாள் அக்கா. அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

அதே கடிதத்தின் அடியில், எந்த மையத்தில் தேர்வு என்பதை இணையதளத்தில் பார்க்கவும், நேரில் வர வேண்டாம் என்று இருந்தது. பார்க்கவும் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டார்கள். எழுதினவர் ஒரு தடவையாவது பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு விடுமுறை நாளில் நானும் அக்காவும் உட்கார்ந்தோம். திறந்தால் மேலே ஒரு பெரிய படம், யாரோ மரக்கன்று நடுகிறார்கள், சுற்றிலும் கைதட்டுகிறார்கள். படம் நகர்கிறது, அடுத்த மரக்கன்று. கீழே ஓடுகிற எழுத்தில் அறிவிப்புகள். ‘புதியது’ என்று சிவப்பாக மின்னியதை ஆவலோடு தொட்டால், அது எப்போதோ முடிந்துபோன கருத்தரங்கு. துறைகள் என்று ஒரு வாசல், புலங்கள் என்று இன்னொரு வாசல், மையங்கள், அலகுகள், பிரிவுகள். தேர்வு என்பதைத் தொட்டால், வளாக மாணவர்களா, இணைப்புக் கல்லூரி மாணவர்களா என்று கேட்டது. நாங்கள் ரெண்டும் இல்லை. தேடுகிற கட்டத்தில் ‘தேர்வு மையம்’ என்று அடித்தேன். நத்தைகளைப் பற்றிய ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது.

“நத்தைக்கும் நமக்கும் என்னடி சம்பந்தம்?” என்றாள் அக்கா.

“நாம போற வேகத்தைப் பாத்திருக்கும்” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வெளியூரிலிருந்த மகளுக்குப் போன் போட்டோம். அவள் அங்கிருந்து இதைத் தொடு, அதைத் தொடு என்றாள். அவளுக்குத் தெரிகிற பக்கம் எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் எதையோ தொடப்போய் எங்கேயோ பட்டு, ஒரு கட்டம் வந்தது. பதிவு எண், கடவுச்சொல் போட்டதும் திறந்தது. அக்காவின் பெயர், புள்ளியியல், தேதி, மையம். ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மகளிர் கல்லூரி. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். அதற்குக் கீழே ஒரு வரி: ‘நுழைவுச் சீட்டுக்கான பொத்தான், தேர்வுக்கு முந்தின நாள் இந்தப் பக்கத்தில் தோன்றும்.’

எப்படி வந்தோம் என்று என்னைத் தலைகீழாக நிற்க வைத்துக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. அதனால்தான் அவள் அந்த முடிவுக்கு வந்தாள். “இதை மூடக் கூடாது” என்றாள்.

அது அவளுடைய பழைய போன், ஓரத்தில் கீறல் விழுந்தது. அன்றிலிருந்து அதற்கு வேறு வேலை கிடையாது. குளிர்பதனப் பெட்டியின் மேல் சார்ஜரில் சொருகிப் படுக்கவைத்தாள். மேலே ஒரு கைக்குட்டை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல அவள் அந்தப் பக்கத்தைப் பிடித்துவைத்திருந்தாள். அத்தான் அந்தப் பெட்டியின் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்த வேண்டும்.

“படம் பிடிச்சு வெச்சுக்கலாமே அக்கா” என்று நான் சொல்லாமல் இல்லை.

“படத்துல அவங்க ஏதாவது மாத்தினா தெரியுமா? பக்கமே தொறந்திருந்தா, அங்க மாறினதும் இங்கயும் மாறிடும்ல” என்றாள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டிவியில் செய்தி ஓடுவதுபோல் அது தானாக மாறிக்கொண்டே இருக்கும் என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். தினமும் காலையில் பல் தேய்த்ததும் கைக்குட்டையை எடுத்துப் பார்ப்பாள். பெயர் இருக்கிறதா, இருக்கிறது. தேதி, அதேதான். மையம், அதேதான். “மாறல” என்பாள் என்னிடம். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் காபி இறங்கும். இப்படியே தேர்வு நெருங்கியது. அந்த மகளிர் கல்லூரி வாசல் வரை நடந்துபோய், எவ்வளவு நேரம் ஆகிறது என்றும் பார்த்துவிட்டு வந்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் காலை பொத்தான் வரவில்லை.

அக்கா லேபுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அதன் முன்னாலேயே நின்றாள். நான் கடையில் ஒருவருக்குப் பிரேம் காட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. “இன்னும் வரலடி.” கொஞ்ச நேரத்தில் மறுபடி, “வரல.” மூன்றாவது முறை, “நீ வாயேன்” என்று வைத்துவிட்டாள். நான் முதலாளியிடம் ஏதோ காரணம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அவள் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றிருந்தாள். நான் போனைப் பார்த்தேன். பெயர், தேதி, மையம். கீழே அந்த வரி. அதற்குக் கீழே வெறுமை.

“ஒரு தடவை கீழ இழுத்து விட்டுப் பாக்கலாமா?” என்றேன்.

“போயிடுச்சுன்னா?”

“வராமலேயே இருந்தா மட்டும் என்ன பண்ணப் போற?” எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது பாதியிலேயே போய்விட்டது. அவள் தலையை ஆட்டினாள். நான் விரலை வைத்து இழுத்தேன்.

ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, ‘உங்கள் அமர்வு முடிந்துவிட்டது’ என்றது. அடுத்த நொடி மரக்கன்று வந்துவிட்டது, கைதட்டலோடு.

“போச்சு” என்றாள் அக்கா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

தேடினோம். முன்பு ‘மாணவர் நலன்’ வழியாகப் போனதாக எனக்கு ஒரு ஞாபகம். இப்போது அதற்குள் ரத்ததான முகாம் படங்கள் இருந்தன. உதவி எண் என்று போட்டிருந்த எண்ணுக்கு அடித்தால் சங்கீதம் கேட்டது, பிறகு அதுவும் நின்றுபோனது. மகள் ஏதோ கூட்டத்தில் இருந்தாள், எடுக்கவில்லை. நத்தைக் கட்டுரை மட்டும் எந்த வழியில் போனாலும் எதிரே வந்து நின்றது. அப்போதுதான் அத்தான் டிப்போவிலிருந்து பேசினார்.

“அட, வழி தெரியலன்னா வண்டிய ஓரங்கட்டி யாரையாவது கேக்கணும். இதே ஊர்லதானே இருக்கு யுனிவர்சிட்டி? நேர்ல போங்க.”

“நேரில் வர வேண்டாம்னு போட்டிருக்காங்க” என்றாள் அக்கா.

“வந்தா கடிச்சிடவா போறாங்க? போ செக்கிங்.”

போனோம். பஸ்ஸில் அக்கா பையின் வாரைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள். வளாகத்துக்குள்ளும் அதே கதைதான். காவலாளி கை காட்டிய கட்டடத்தில் வேறொரு கட்டடத்தைக் காட்டினார்கள். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மாடியில், தொலைநிலைப் பிரிவு. உள்ளே குளிர் எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒரு கிளார்க்.

அக்கா வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளைபோலத் தன் பதிவு எண்ணை ஒப்பித்தாள். அந்த ஸ்வெட்டர்க்காரர் நல்ல மனுஷர். சிடுசிடுக்கவில்லை. கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். மையங்களின் பட்டியல் இருந்தது. “புள்ளியியல்… இதோ. ஆத்துப் பாலம் மகளிர் கல்லூரி. ஒண்ணும் மாறலம்மா. பட்டன் சாயங்காலத்துக்குள்ள வந்துடும். காலைலேருந்து எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க. நிம்மதியா போய்ப் படிங்க.”

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மாடிப்படியில் பாதி இறங்கியிருப்போம். அவள் நின்றாள். தெருமுனையில் நிற்பாளே, அதே நிற்றல்.

“ஐயோ, இங்க என்ன பூட்டு அக்கா?”

“அந்தத் திரை ஓரத்துல ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு, பாத்தியா?”

நான் பார்க்கவில்லை. ஊருக்குக் கண்ணாடி மாட்டுகிறவள் நான். அவள் திரும்பி ஏறினாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். திரையின் ஓரத்தில் பசை நாடாவால் ஒட்டிய ஒரு காகிதம், கொட்டை எழுத்தில்: ‘இந்தப் பக்கத்தை யாரும் மூடாதீர்கள்.’

“சார், இதை எப்பலேருந்து தொறந்து வெச்சிருக்கீங்க?” என்றாள் அக்கா.

ஸ்வெட்டர்க்காரர் கொஞ்சம் கூச்சப்பட்டார். “அது வந்தும்மா… பட்டியல் போட்ட அன்னிக்குத் தொறந்தது. மூடினா மறுபடி கண்டுபிடிக்கணும். போன தடவை கரண்ட் போய், அரை நாள் தேடினேன். இதுலயே வேலை பாக்குற எனக்கே வழி தெரியலன்னா, வெளியில சொல்லவா முடியும்?”

“எங்க வீட்லயும் அப்படித்தான் சார் வெச்சிருந்தேன்” என்றாள் அக்கா. “ஒரு தடவை புதுசா வரவெச்சுப் பாருங்க.”

“அதான் மாறலயே.”

“நானும் தினம் பாத்தேன் சார். மாறலன்னுதான் காட்டுச்சு.”

அவர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். விரல் புதுப்பிக்கிற பொத்தானுக்கு மேலே போய் நின்றது. பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்தார், “யோவ், மூடிடப் போற” என்றார். ஸ்வெட்டர்க்காரர் அழுத்தினார். வட்டம் சுற்றியது. எனக்குக் காலையில் வந்த அதே பயம். மரக்கன்று வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மரக்கன்று வரவில்லை. அதே பட்டியல் வந்தது. ஆனால் மேலே சிவப்பில் ஒரு வரி புதிதாக ஏறியிருந்தது. மகளிர் கல்லூரியில் கூரை வேலை நடப்பதால், அங்கே எழுத வேண்டியவர்கள் எல்லாரும் புறவழிச்சாலைப் பொறியியல் கல்லூரிக்குப் போக வேண்டும். ஊரின் அந்தக் கோடி. பஸ் மாறிப் போனால் பாதிக் காலை போய்விடும்.

அக்கா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நாளைக் காலை நடந்தே போய், பூட்டிய கல்லூரி வாசலில் நின்றிருப்பாள். அத்தனை தாள்களும் அங்கேயே முடிந்திருக்கும்.

அவள் சுதாரித்துக்கொண்டு, “இந்தப் பக்கத்துக்கு வழி என்ன சார்?” என்று கேட்டாள்.

“அதாம்மா தெரியல…” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அக்காவின் விரல் திரையின் மேல்பக்கத்தில் ஒரு இடத்தில் இருந்தது. சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்வதுபோலச் சின்ன எழுத்தில் ஒரு வரி. முகப்பு, நிர்வாகம், பிற அலகுகள், தொலைநிலை, அறிவிப்புகள், மையம். நடுவில் சின்னச் சின்ன அம்புக்குறிகள். வந்த வழி முழுவதும் அங்கேயே எழுதியிருந்தது. என்றைக்கும் இருந்திருக்கிறது.

“இது இங்கதான் இருந்துச்சா?” என்றார் ஸ்வெட்டர்க்காரர்.

அக்கா முணுமுணுவென்று அந்த வரியைப் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு, “நான் ஒரு தடவை முதல்லேருந்து போய்ப் பாக்கட்டுமா சார்?” என்று மவுஸைக் கையில் வாங்கினாள். முகப்புக்குப் போனாள். மரக்கன்று வந்தது. அவள் பயப்படாமல் அதைத் தாண்டி நிர்வாகத்தைத் தொட்டாள். நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். வந்து சேர்ந்தாள். பதிவு எண்ணும் கடவுச்சொல்லும் போட்டதும், ‘பொத்தான் தோன்றும்’ என்ற வரிக்குக் கீழே பச்சைப் பொத்தான் இருந்தது. ஸ்வெட்டர்க்காரர் நுழைவுச் சீட்டை அச்சடித்துக் கொடுத்தார்.

“காலைலேருந்து எத்தனை பேருக்கு மாறல, மாறலன்னு சொல்லி அனுப்பினேன். யார்கிட்டயும் நம்பர்கூட வாங்கலயே” என்றார். முகம் செத்துப்போயிருந்தது.

“மெசேஜ் போயிருக்கும் சார்” என்றேன், ஆறுதலுக்கு.

“எனக்கு வரலையே” என்றாள் அக்கா.

மறுநாள் விடிந்ததும் அத்தான் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு அவளைப் பைக்கில் ஏற்றினார். ஏறுவதற்கு முன்னால் அவள் என்னிடம் வந்தாள். “நீ அந்த மகளிர் கல்லூரி வாசல்ல போய் நில்லு.”

“நான் என்ன டிராஃபிக் போலீசா? கடைக்கு யார் போறது?”

“நான் நின்னிருப்பேன்ல அங்க” என்றாள். நான் கடைக்குப் போன் போட்டு விடுப்புச் சொன்னேன். வீட்டைப் பூட்டினாள், பூட்டை இழுத்துப் பார்த்தாள், பைக் புறப்பட்டது. தெருமுனையில் திரும்பும் என்று காத்திருந்தேன். திரும்பவில்லை.

கல்லூரி வாசலில் எனக்கு முன்பே ஸ்வெட்டர்க்காரர் வந்திருந்தார், அந்த வெயிலிலும் ஸ்வெட்டரோடு. ஒரு வேனைப் பிடித்து நிறுத்திவைத்திருந்தார். கேட்டில் பூட்டு. உள்ளே கூரையில் சுத்தியல் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். காவலாளி உடுப்போடு ஒருவர், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்ட கணவனும் மனைவியும், நரைத்த தலையோடு ஒரு அம்மா. சென்டர் மாறிவிட்டது என்று நான் சொன்னதும் ஒருவரும் நம்பவில்லை. ஆளாளுக்குப் போனை நீட்டினார்கள். “பாருங்க, இதுல போட்டிருக்கே. தினம் பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

எல்லாம் அதே பக்கம். பெயர், தேதி, மையம், கீழே வெறுமை. ஒரு போனின் ஓரத்திலும் கீறல் இருந்தது.

“கீழ இழுத்து விடுங்க” என்றேன் அந்த நரைத்த தலை அம்மாவிடம்.

“மூடிடுமே தாயி” என்றார் அவர். போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

வழக்கமாக இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்திருக்கும். வரவில்லை. “மூடட்டும்மா. எனக்கு வழி தெரியும்” என்றேன். முகப்பு, நிர்வாகம், பிற அலகுகள். அக்கா ராத்திரி சாப்பாட்டின்போது முணுமுணுத்ததைக் கேட்டே எனக்கு மனப்பாடம். வேன் நிறைந்து கிளம்பியது. ஸ்வெட்டர்க்காரர் படியில் தொற்றிக்கொண்டு போனார். நான் கடைசி ஆள் வரும்வரை நின்றேன். இத்தனைக்கும் நடுவில் அக்கா போய்ச் சேர்ந்தாளா என்ற நினைப்பு என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அவள் போன் அணைந்திருந்தது.

மதியத்துக்கு மேல் அழைத்தாள். “யாராவது வந்தாங்களா?” என்பதுதான் முதல் கேள்வி.

“ஒரு வேன் நிறைய. நீ எப்படி எழுதின?”

“எழுதியிருக்கேன்” என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது.

முடிவு வருவதற்குள் அவள் இளைத்துப்போனாள். வந்த அன்று காலை நானும் அத்தானும் அவள் தோளுக்குப் பின்னால் நின்றோம். யாரையும் கேட்காமல் முடிவுப் பக்கம் வரை போனாள், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. புள்ளியியலுக்கு நேராகத் தேர்ச்சி என்று இருந்தது. அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பக்கத்தை இழுத்துவிட்டாள். வட்டம் சுற்றியது. தேர்ச்சி. இன்னொரு தடவை இழுத்தாள். தேர்ச்சி.

அதற்குப் பிறகு அவள் செய்ததைப் பார்த்து நான் பதறிவிட்டேன். பக்கத்தை மூடிவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு, லேபுக்குக் கிளம்பினாள்.

“அக்கா, மூடிட்டியா?”

“ஆமா” என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. சிரித்துக்கொண்டிருந்தாள். “வேணும்னா மறுபடி போய்க்கலாம். வழி தெரியும்ல.”